ரஜூலாவுடன் பிறந்த கப்பல்

நாகப்பட்டினத்திலோ பினாங்கிலோ எண்பது வயதை எட்டிய யாரிடமாவது 'ரஜூலா' என்று சொல்லிப் பாருங்கள். தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்த கதை வரும். வாந்திக்கு எலுமிச்சம்பழம் முகர்ந்த கதையும், நாகைக் கரையிலிருந்து படகில் போய்க் கப்பலேறிய கதையும் பின்னாலேயே வரும். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஓடித் தேய்ந்து, 1970களில் பம்பாயில் உடைக்கப்பட்டது. தமிழர்கள் தம் வீட்டுப் பெண்ணைப் போல நினைவில் வைத்திருக்கும் கப்பல் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ரஜூலாவுக்கு ஓர் உடன்பிறப்பு இருந்தது. அதே ஆண்டில், அதே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, அதே சென்னை–நாகப்பட்டினம்–பினாங்கு–சிங்கப்பூர் தடத்துக்காகக் கட்டிய கப்பல். ரஜூலா கிளாஸ்கோவில் உருவானது என்றால் இது இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் உருவானது. 8,600 டன். குஜராத்தின் ஓர் ஊர்ப்பெயரை ரஜூலாவுக்கு வைத்தவர்கள், இன்றைய ஹரியானாவின் சோனிபத் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயரை இதற்கு வைத்தார்கள். ரோனா. அந்தப் பெயரை நாகையில் சொன்னால் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

அமெரிக்காவில் சில ஆயிரம் குடும்பங்களுக்கு மட்டும் நினைவிருக்கிறது. 1943 நவம்பர் 26ஆம் நாள் மாலை, அல்ஜீரியக் கடலோரத்தில், ஜெர்மானிய விமானம் ஏவிய குண்டு பட்டு ரோனா மூழ்கியது. இறந்தவர்கள் 1,138 பேர், அவர்களில் 1,015 பேர் அமெரிக்கப் படைவீரர்கள். எதிரியின் தாக்குதலில் அமெரிக்கத் தரைப்படை கடலில் ஒரே நாளில் இத்தனை உயிரை வேறெப்போதும் இழந்ததில்லை. முத்துத் துறைமுகத்தில் அரிசோனா போர்க்கப்பலோடு போனவர்கள் 1,177 பேர். அரிசோனாவை அறியாத அமெரிக்கப் பள்ளிப் பிள்ளை இல்லை. ரோனாவை அறிந்த பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இந்த மலை கப்பலால் உருவான மலை. தேயிலை இங்கே கடல் தாண்டி வந்த செடி. தோட்டத் துரைமார் கப்பலில் வந்தார்கள். நடுவட்டத்துச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த சீனக் கைதிகளும் கப்பலில்தான் வந்தார்கள். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி, அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்க வந்த குடும்பங்கள் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கடல் கடந்தவை. கோத்தகிரி, கூடலூர் பக்கத்து லயங்களில் அந்தக் காலத்துக் குடும்ப அட்டையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கடலைக் கடந்தவர்களுக்குத் தாளின் அருமை தெரியும்.

எனக்கு இந்தக் கேள்வி பிறந்தது வெலிங்டனில். குன்னூரை ஒட்டிய அந்தப் பாளையத்தில் மதராஸ் ரெஜிமென்ட்டின் தலைமையகம் இருக்கிறது. 1758இலிருந்து தன் வயதைக் கணக்கிடும் படை அது. அவர்களுடைய போர் நினைவிடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு சிப்பாய் செத்தால் அவன் பெயருக்கு ஓர் இடம் உண்டு என்பது கண்ணில் படும். அதே போரில், அதே அரசுக்காக, கப்பலின் அடிவயிற்றில் நின்று உலையில் நெருப்பு வளர்த்தவன் செத்தால்? ரோனாவின் கதையைப் படிக்கப் படிக்க மற்ற எல்லாப் புதிர்களையும்விட இதுவே பெரிதாகிக்கொண்டு போனது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போர்க்காலத்தில் ரோனாவைப் படைக்கப்பலாக எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 25, அமெரிக்கர்களின் நன்றி நவிலல் நாள். அன்று ஓரான் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் அமெரிக்க வீரர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, கே.எம்.எஃப். 26 என்ற கப்பல் தொடருடன் அது சேர்ந்துகொண்டது. வீரர்களில் பெரிய பிரிவு விமானத்தளம் அமைக்கும் பொறியாளர் படை. சூயஸ் வழியாக இந்தியாவுக்கு வந்து, சீன–பர்மா–இந்தியப் போர்முனையில் வேலை செய்ய வேண்டியவர்கள். நம் ஊருக்கு வந்துகொண்டிருந்தவர்கள் என்றே சொல்லலாம். அந்தப் போர்முனையின் சிப்பாய்கள்தாம் விடுமுறைக்கு ஊட்டிக்கும் குன்னூருக்கும் ஏறி வந்தார்கள்.

மறுநாள் மாலை நாலரை மணிவாக்கில் ஜெர்மானிய விமானங்கள் வந்தன. ஹான்ஸ் டாக்டர்மான் என்ற விமானி ஓட்டிய ஹைன்கெல் 177 விமானத்திலிருந்து ஏவப்பட்டது சாதாரணக் குண்டு இல்லை. இறக்கையும் ராக்கெட்டும் பொருத்திய ஹென்ஷல் 293. விமானத்தில் இருப்பவர் குண்டின் வாலில் எரியும் ஒளியைப் பார்த்துக்கொண்டே, ஒரு சிறு கைப்பிடியை அசைத்து, வானொலி அலையால் அதைத் திருப்பலாம். இன்றைய ஏவுகணைகளின் பாட்டன். அது ரோனாவின் இடப்பக்கம் பாய்ந்து, எஞ்சின் அறைப் பகுதியில் வெடித்தது. மின்சாரம் நின்றது. தீயணைக்கும் பம்புகள் நின்றன. வெடிப்பின் வேகத்தில் கப்பலின் இரும்புத் தகடுகள் வெளிப்புறமாகப் பிதுங்கி நின்றதால், அந்தப் பக்கத்துப் படகுகளைக் கீழே இறக்கவே முடியவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் பின்புறம் முதலில் அமிழ்ந்து கப்பல் போயிற்று. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது, இருட்டிவிட்டது. பயனியர் என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் மட்டும் தனியாக 606 பேரை நீரிலிருந்து தூக்கியது. இந்தக் கதையில் நெஞ்சு நிமிரக்கூடிய ஒரே இடம் அது.

ரோனாவில் 22 உயிர்காப்புப் படகுகள் இருந்தன. ஆறு, வெடிப்பிலேயே நொறுங்கின. நீரைத் தொட்டவை எட்டு. அவற்றிலும் பெரும்பாலானவை கூட்டம் தாங்காமல் கவிழ்ந்தன, அல்லது நீர் நிறைந்து முழுகின. துருப்பிடித்த கொக்கிகள், பெயின்ட் பூசிப் பூசி இறுகிப்போன கப்பிகள், இற்றுப்போன கயிறுகள் என்று உயிர் தப்பியவர்கள் பலர் சொன்னார்கள். படகை இறக்குவது கிணற்றில் வாளி இறக்குவது போன்ற வேலை அன்று. முன்புறக் கயிற்றையும் பின்புறக் கயிற்றையும் ஒரே வேகத்தில் விட வேண்டும். ஒரு பக்கம் ஒரு முழம் முந்தினாலும் உள்ளே இருப்பவர்கள் அனைவரும் கடலில் கொட்டப்படுவார்கள். அனுபவமில்லாத சிப்பாய்கள் தாங்களே இறக்க முனைந்த படகுகள் அப்படித்தான் கொட்டின.

கப்பலையும் பார்க்க வேண்டும். ரோனா வங்கக்கடலில் கூலித் தமிழர்களை அள்ளிப்போவதற்காகக் கட்டப்பட்ட கப்பல். ரஜூலாவுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. இந்த எண்ணைப் பெருமையாக எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பெருமை தெரியவில்லை. தளத்தில் பாய் விரிக்கிறவன் ஆபத்தில் எந்தப் படகில் ஏறுவான் என்ற கேள்வியை அந்தத் தடத்தில் யாரும் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்டக்கூலிகள் போவதைத் தடுத்து நிறுத்தும்வரை ஆவடி முகாமிலிருந்தும் நாகை முகாமிலிருந்தும் ஆட்கள் இந்தக் கப்பல்களில் ஏறிக்கொண்டே இருந்தார்கள். பதினேழு ஆண்டுகள் உழைத்த அதே கப்பலில், அதே நெரிசலோடு, இப்போது வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏறினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்து நடந்தது மௌனம். தப்பியவர்களுக்கு வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள், பேசினால் இராணுவ விசாரணை. வீடுகளுக்குப் போன தந்தியில் 'காணவில்லை' என்று மட்டும் இருந்தது. 1944 பிப்ரவரியில், ஐரோப்பியக் கடற்பரப்பில் ஒரு படைக்கப்பல் மூழ்கி ஆயிரம் பேருக்கு மேல் இறந்ததாக அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது. கப்பலின் பெயரைச் சொல்லவில்லை. நீர்மூழ்கியின் வேலை என்று படிப்பவர் நினைத்துக்கொள்ளும்படி அறிக்கை அமைந்தது. வானொலியால் வழிநடத்தப்பட்ட குண்டு என்ற செய்தி முழுதாக வெளியே வர 1960களின் பிற்பகுதி ஆயிற்று. அதற்குள் பல தாய்மார் செத்துப்போயிருந்தார்கள்.

ஏன் இந்த மறைப்பு? வழக்கமாகச் சொல்லப்படும் பதில்: புதிய ஆயுதம் வேலை செய்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது, அதன் அலையைக் குழப்பும் கருவிகளை நேச நாடுகள் செய்துகொண்டிருந்தன. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நாட்காட்டியைப் புரட்டினால் தடுக்குகிறது. அதே வகைக் குண்டு ஆகஸ்ட் 27ஆம் நாளே எக்ரெட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை மூழ்கடித்துவிட்டது. செப்டம்பர் 9இல் அதன் சகோதர ஆயுதமான ஃபிரிட்ஸ் எக்ஸ், இத்தாலியின் ரோமா என்ற பெரும் போர்க்கப்பலைப் பிளந்தது. தன் குண்டு வேலை செய்கிறது என்பது நவம்பருக்குள் ஜெர்மனிக்கு ஐயந்திரிபறத் தெரியும். மாலை வெளிச்சத்தில் இலக்கில் பட்டதை விமானத்திலிருந்தே பார்த்திருக்கிறார்கள். போர்க்காலத்துச் சில மாதங்களுக்கு மௌனம் தேவைப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். போர் முடிந்து இருபது ஆண்டுகள் எதற்கு? பாதி இராணுவ இரகசியம், மீதி வெட்கம் என்பது என் எண்ணம். இறங்காத படகுகளைப் பற்றிப் பேசாமல் குண்டைப் பற்றிப் பேச முடியாது. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள்.

பெட்டி திறந்தபோது உள்ளே இன்னொன்றும் இருந்தது. 1990களில் தப்பியவர்கள் முதுமையில் பேசத் தொடங்கினார்கள். 1996இல் அலபாமாவில் நினைவுச்சின்னம் வந்தது, 1997இல் கார்ல்டன் ஜாக்சன் முழு நூல் ஒன்று எழுதினார், 2000இல் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு மரியாதை செய்தது. அந்த நினைவுக்குறிப்புகளில் ஒரு குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப வருகிறது: இந்திய மாலுமிகள் தங்கள் கடமையை விட்டு முதலில் படகுகளில் ஏறி ஓடிவிட்டார்கள். இரண்டாயிரம் பேர் இருந்த இடத்தில் சில படகுகளில் அப்படி நடந்திருக்க வாய்ப்பில்லை என்று நான் சாதிக்கமாட்டேன். கண்ணால் கண்டவர்கள் சொல்கிறார்கள். ஆனால் 'மாலுமிகள் தப்பினார்கள், சிப்பாய்கள் செத்தார்கள்' என்று அது பொதுத் தீர்ப்பாக மாறும்போது கணக்கை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ரோனாவின் மாலுமிகள் 195 பேர், பெரும்பாலோர் இந்தியர். இறந்தவர்கள் 117. அதாவது நூற்றுக்கு அறுபது. அதிகாரிகளில் ஐவர் வேறு. அமெரிக்க வீரர்கள் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் இறந்தவர்கள் 1,015. நூற்றுக்கு ஐம்பதைக் கொஞ்சம் தாண்டும். முந்திக்கொண்டு ஓடியவர்கள் என்று சொல்லப்படுபவர்கள்தாம் அதிக விகிதத்தில் செத்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நேர்மையாகச் சொல்ல வேண்டும். குண்டு விழுந்தது எஞ்சின் அறையில். அங்கே வேலையில் இருந்தவர்களுக்கு ஓடவும் நேரமில்லை, நிற்கவும் நேரமில்லை. அந்தச் சாவுகள்தாம் விகிதத்தை ஏற்றிவிட்டன என்று ஒருவர் வாதிடலாம். சரி, பார்ப்போம். கப்பலில் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை. குண்டு பட்ட மாலை ஐந்தேகாலுக்கு உலையருகே இருந்தவர்கள் நாலு–எட்டு முறைக்காரர்கள், அதாவது எஞ்சின் பகுதி ஆட்களில் மூன்றில் ஒரு பங்கு. எஞ்சின் பகுதி என்பதே 195இல் ஒரு பகுதிதான், மற்றவர்கள் தளத்து வேலைக்காரர்களும் சமையல், சாப்பாட்டுக் கூடத்து ஆட்களும். அந்த முறையில் இருந்த அத்தனை பேரும் செத்தார்கள் என்று வைத்தாலும் 117ஐ எட்ட முடியாது. மீதிப்பேர் தளத்திலோ நீரிலோ செத்திருக்கிறார்கள், சிப்பாய்களைப் போலவே.

டைட்டானிக்கை இங்கே இழுக்காமல் முடியாது. 1912 ஏப்ரல் 15இல் அது மூழ்கியது. நான்காம் நாளே அமெரிக்க மேலவை விசாரணையைத் தொடங்கிவிட்டது. மே மாதம் லண்டனில் மெர்சி பிரபுவின் விசாரணை. அந்த அறிக்கையில் ஓர் அட்டவணை இருக்கிறது. தளப் பகுதி மாலுமிகள் 66 பேரில் பிழைத்தவர்கள் 43. எஞ்சின் பகுதியில் 325 பேரில் 72. உணவு, பணிவிடைப் பகுதியில் 494 பேரில் 97. இந்த மூன்று வரியைப் படித்தால் எல்லாம் விளங்கிவிடும். தளத்து ஆட்கள் அதிகம் பிழைத்ததற்குக் காரணம் படகை ஓட்ட அவர்களைத்தான் ஏற்றினார்கள், உலையில் நின்றவர்கள் உலையோடு போனார்கள். மாலுமிகள் தங்களைக் காத்துக்கொண்டார்களா என்ற ஐயத்துக்கு அந்த அட்டவணைதான் பதில். கண்காணிப்பாளர்களிடம் தொலைநோக்கி இல்லாததும், தொலைவில் நின்ற கலிஃபோர்னியன் கப்பல் ஏன் வரவில்லை என்பதும் நூறு ஆண்டுகளாக அலசப்படுகின்றன. அலச அடிப்படை இருப்பதால் அலசுகிறார்கள். ரோனாவின் மாலுமிகளுக்கு நாம் படிக்கும் கதைகளில் 195 என்ற ஒற்றை எண்ணும் 117 என்ற ஒற்றை எண்ணும்தான்.

இந்திய மாலுமிமேல் பழி விழுவது ரோனாவில் தொடங்கியதும் அல்ல. 1922 மே 20ஆம் நாள் பிரான்சின் உஷாந்த் தீவருகே மூடுபனியில், பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த 'ஈஜிப்ட்' பயணக் கப்பல் பிரெஞ்சுச் சரக்குக் கப்பலோடு மோதி இருபதே நிமிடத்தில் மூழ்கியது. 86 பேர் இறந்தார்கள். அதிலும் இந்திய மாலுமிகள் படகுகளை மொய்த்தார்கள் என்று லண்டன் பத்திரிகைகள் கொதித்தன. அந்தக் கப்பலில் இருந்த பத்து இலட்சம் பவுண்டுக்கும் மேற்பட்ட பொன்னையும் வெள்ளியையும் பத்தாண்டு கழித்து இத்தாலிய மூழ்குவீரர்கள் ஆழ்கடலிலிருந்து அள்ளி எடுத்தது தனி வீரகதையாயிற்று. மறுபக்கத்தையும் பாருங்கள். 1940 செப்டம்பரில் அட்லாண்டிக்கில் 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' மூழ்கியபோது, 46 பேரோடு பன்னிரண்டாம் எண் படகு எட்டு நாள் மிதந்தது. ஆறு ஆங்கிலச் சிறுவர்கள் அதில் பிழைத்தார்கள். படகில் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். அவர்களைக் குற்றம் சாட்ட வழியில்லாத இடத்தில் அவர்களைப் பற்றிப் பேச்சே குறைந்துவிடுகிறது.

இவர்கள் யார்? ஆங்கிலேயர் 'லஸ்கர்' என்று ஒரே சொல்லில் முடித்தார்கள். சில்ஹெட், நவகாளி, இரத்தினகிரி, கோவா, மீர்ப்பூர் என்று ஊருக்கு ஒரு வேலை. போருக்கு முன் இவர்களுடைய சம்பளம் அதே கப்பலின் வெள்ளை மாலுமியின் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குகூட இராது. 1939இல் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்து, சிறைக்கும் போய், கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்கள். கப்பலில் இவர்களுக்குத் தலைவர் சாரங்கு, அவருக்கு அடுத்தவர் தண்டல். இந்த இரண்டு சொற்களும் நம் கடற்கரையில் இன்றும் புழங்குகின்றன, தண்டல் என்றால் தோணி நடத்துபவர்.  ரோனாவின் மாலுமிகளைத் தமிழர்கள் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. கப்பலில் ஏறியவர்கள்தாம் நம்மவர்கள். ஆனால் அந்த மாலை தளத்தில் என்ன மொழி கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அதிகாரி ஆங்கிலத்தில் கத்த, சாரங்கு அதை இந்துஸ்தானியும் போர்த்துகீசும் கலந்த லஸ்கரிப் பேச்சில் கத்த, இரண்டும் கலந்த இரைச்சலில் எதுவும் புரியாமல் அமெரிக்கத் தென்மாநிலத்துப் பையன் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பான்.

இறந்தவர்கள் இன்று மூன்று இடங்களில் இருக்கிறார்கள். உடல் கிடைக்காத அமெரிக்கர்களின் பெயர்கள் துனீசியாவில், கார்தேஜ் அருகே உள்ள அமெரிக்கக் கல்லறைச் சுவரில். பிரிட்டிஷ் அதிகாரிகளின் பெயர்கள் லண்டனில் டவர் ஹில் நினைவிடத்தில், ரோனா என்ற தலைப்பின் கீழ். இந்திய மாலுமிகளின் பெயர்கள் கல்லில் இல்லை. அந்தப் போரில் இறந்த இந்தியக் கடலோடிகள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பம்பாயிலும் சிட்டகாங்கிலும் பதிவேடுகளாக வைக்கப்பட்டிருக்கின்றன. மஸ்ஜித் பந்தர் பக்கத்து இந்திய மாலுமிகள் இல்லத்தில் கேட்டால் புத்தகத்தை எடுத்துக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. கல்லில் எழுதிய பெயரை வழிப்போக்கனும் படிப்பான். புத்தகத்தில் எழுதியதைத் தேடிப் போகிறவன்தான் படிக்க முடியும்.

ஆனால் அந்தப் பதிவில் பெயரோடு கப்பலின் பெயர் உண்டு, வேலையின் பெயரும் உண்டு. ஆகவே மெர்சி பிரபு டைட்டானிக்குக்குப் போட்ட அட்டவணையில் இறந்தவர்களின் பகுதியையாவது ரோனாவுக்கு இன்றும் போடலாம். ஆறாயிரம் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ரோனா என்று வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஃபயர்மேன் ஒரு பக்கம், எண்ணெய்க்காரர் அவரோடு. சாரங்கு, தண்டல், தளத்து லஸ்கர் இன்னொரு பக்கம். சமைக்கும் பண்டாரி, பட்லர், துப்புரவு செய்யும் டோப்பாஸ் மூன்றாவது பக்கம். ஒரு மாதப் பொறுமை இருந்தால் போதும். இரண்டாவது பக்கமும் மூன்றாவது பக்கமும் நிரம்பிக்கொண்டே போனால், இத்தனை காலமாகச் சொல்லப்படும் அந்தப் படகுக் கதையை மறுபடி கேட்க வேண்டியிருக்கும்.